நடவாத வரலாறும் வாழாத வாழ்வும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த மலைத்தொடரில் பிறந்து, சுமார் 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் ஆறு இங்கேதான் தன் பயணத்தை முடித்துக்கொள்கின்றது. மாலை வேளைகளில் இக்கரையோரம் வந்து அமரும் முதியவர்களின் பேச்சைச் சிறிது நேரம் செவிமடுத்தால், ஒரு சொல்வடிவம் திரும்பத் திரும்ப வருவதை நாம் அவதானிக்கலாம். 'போயிருந்தால்', 'போகாமல் இருந்திருந்தால்', 'அன்றைக்கே கேட்டிருந்தால்' என்பதே அது. நடந்ததைச் சொல்ல எத்தனையோ வினைவடிவங்களைக் கொண்ட நம் மொழி, நடவாததைச் சொல்லவும் தனியாக ஒரு வடிவத்தை வைத்திருக்கின்றது. இந்நகரின் தமிழர்கள் அதனை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பயன்படுத்தி வந்துள்ளனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த 'இருந்திருந்தால்' என்ற சொல்லின் மீது ஓர் இலக்கிய வகையே கட்டப்பட்டுள்ளது. விஞ்ஞானப் புனைகதையில் அது மாற்று வரலாறு என்றும், இணை உலகம் என்றும் அழைக்கப்படுகின்றது. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடப்படும் இவ்வகை எழுத்து எவ்வாறு தோன்றியது, அதன் பின்னால் உள்ள விஞ்ஞானம் யாது, அது நமக்கு எதனைக் கற்றுத்தரக் கூடும் என்பவற்றை இங்கே நோக்குவோம்.

முதலில் ஒரு தெளிவு அவசியமாகின்றது. மாற்று வரலாறு என்பது நாடுகளைப் பற்றியது. ஒரு போரில் வென்றவர் தோற்றிருந்தால், கைச்சாத்திடப்பட்ட ஓர் உடன்படிக்கை நிலைத்திருந்தால், பின்னர் வந்த உலகம் எப்படி இருந்திருக்கும் என்று அது கேட்கின்றது. இணை வாழ்வு என்பது தனி மனிதரைப் பற்றியது. ஒரே மனிதர் இரண்டு வழிகளில் சென்றிருந்தால் அவருடைய இரண்டு வாழ்வுகளும் எப்படி அமைந்திருக்கும் என்பதே அதன் கேள்வி. மூன்றாவதான பல்லுலகக் கதை, இவ்வுலகங்கள் யாவும் கற்பனையல்ல, ஒரே வேளையில் பக்கத்துப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கின்றன என்று கொள்கின்றது.

தமிழ் வாசகருக்கு இவற்றுள் இரண்டாவது வகை நன்கு பழக்கமானது. 2001ஆம் ஆண்டு ஜீவாவின் இயக்கத்தில் வெளிவந்த '12பி' திரைப்படத்தை நினைவிற் கொள்ளலாம். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் இளைஞன் ஒருவன் அந்த இலக்கமுடைய பஸ்ஸைப் பிடித்துவிடுகின்றான். அதே இளைஞன் அதே பஸ்ஸைத் தவறவும் விடுகின்றான். அந்தச் சில விநாடிகளிலிருந்து இரு வாழ்வுகள் பிரிந்து, அடுத்தடுத்து நம் கண்முன்னே ஓடுகின்றன. 1998இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தின் சாயல் இதில் உண்டு. அதற்கும் முன்னதாக, போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி, ஓடும் ரயிலைப் பிடிக்க முனையும் ஓர் இளைஞனின் மூன்று வாழ்வுகளைப் படமாக்கியிருந்தார். 1981இல் எடுக்கப்பட்ட அப்படம் தணிக்கைக்கு இலக்காகி, 1987இல்தான் திரைக்கு வந்தது. ஒரு குடிமகன் வேறு விதமாகவும் வாழ்ந்திருக்கலாம் என்ற எண்ணமே சில அரசுகளுக்கு உறுத்தலாக இருந்திருக்கின்றது.

நம் மரபிலும் இதற்கு வேர் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாயகி அங்குள்ள புத்த பீடிகையை வணங்கித் தன் முற்பிறப்பை அறிகின்றாள். அந்த மணிபல்லவத்தை நமது நயினாதீவாகக் கொள்வோர் பலர். ஆயினும் அங்கு கூறப்படும் பிறவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. ஒரே வேளையில் பல வாழ்வுகள் என்ற எண்ணத்துக்கு நாம் வாசிட்டத்திடம் செல்ல வேண்டும். தமிழில் ஞானவாசிட்டம் என வழங்கும் அந்நூல் மரபில் லீலை என்ற அரசியின் கதை வருகின்றது. இறந்துபோன கணவன் வேறோர் உலகில் வேறோர் அரசனாக வாழ்ந்துகொண்டிருப்பதைக் கலைமகளின் துணையோடு அவள் காண்கின்றாள். அதற்கும் முந்திய ஒரு வாழ்வில் அவர்கள் ஓர் எளிய அந்தணத் தம்பதியர். அந்த அந்தணர் இறந்து எட்டு நாட்களே ஆகின்றன என்று அறியும்போது அவள் திகைத்துப்போகின்றாள். ஓர் அறைக்குள் ஓர் உலகம், எட்டு நாட்களுக்குள் ஓர் ஆயுள் என்ற இக்கற்பனையை இன்றைய விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர் எவரும் பொறாமையோடுதான் படிப்பார். வாசிட்டத்தின் நோக்கம் உலகின் நிலையாமையை உணர்த்துவது. விஞ்ஞானப் புனைகதையின் நோக்கம் வேறு. பிரிந்த வழி எது, ஏன் பிரிந்தது என்று ஆராய்வதே அதன் வேலை.

மேற்குலகில் இந்த ஆராய்ச்சி வரலாற்றாசிரியர்களிடமிருந்தே தொடங்கியது. மகா அலெக்சாந்தர் கிழக்கே வராமல் மேற்கே திரும்பி ரோமாபுரியைத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி தமது நூலிலேயே விவாதித்திருக்கின்றார். புனைகதையில் 1934ஆம் ஆண்டு மரே லைன்ஸ்டர் எழுதிய சிறுகதை ஒன்று, பூமியின் பல்வேறு பகுதிகள் வெவ்வேறு வரலாறுகளோடு இடம் மாறிக்கொள்வதாகச் சித்திரித்தது. 1941இல் ஆர்ஜென்ரீன எழுத்தாளர் போர்ஹெஸ், எல்லா முடிவுகளும் நிகழும் ஒரு நாவலை, கிளைத்துச் செல்லும் பாதைகள் கொண்ட ஒரு தோட்டமாகக் கற்பனை செய்தார். 1962இல் பிலிப் கே. டிக், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியும் ஜப்பானும் வென்றுவிட்ட அமெரிக்காவை எழுதினார். அந்நாவலுக்குள் ஒரு நாவல் வருகின்றது. அதில் நேச நாடுகள் வெல்கின்றன. ஆனால் அந்த உலகமும் நாம் வாழும் உலகமல்ல. தோற்றவர் கனவு காணும் வெற்றிகூட உண்மையில் வந்த வெற்றியைப் போல் இருப்பதில்லை என்பதை டிக் எவ்விதப் பிரசங்கமும் செய்யாமல் உணர்த்திவிடுகின்றார்.

விஞ்ஞானம் சொல்வது என்ன?

இவ்வகைக் கதைகள் விஞ்ஞானத்தின் பெயரைத் தாங்கி வருவதற்கு முக்கிய காரணம் ஹியூ எவரெட் என்ற இளம் அமெரிக்கர். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், குவாண்டம் இயற்பியலின் ஒரு பழைய சிக்கலைக் கையிலெடுத்தார். அணுவிலும் சிறிய துணிக்கைகளின் உலகில், அளவிடும்வரை ஒரு துணிக்கை பல நிலைகளின் கலவையாகவே விவரிக்கப்படுகின்றது. அளவிட்டதும் ஒரேயொரு விடைதான் கிடைக்கின்றது. ஏனைய சாத்தியங்கள் எங்கே போயின? இந்தக் கேள்வியின் விபரீதத்தைக் காட்டவே 1935இல் ஷ்ரோடிங்கர், பெட்டிக்குள் உயிரோடும் உயிரின்றியும் இருக்கும் பூனையைக் கற்பனை செய்தார். வழமையான விளக்கம், அளவிடும் கணத்தில் மற்றச் சாத்தியங்கள் மறைந்துவிடுகின்றன என்றது. எவரெட் அதனை ஏற்கவில்லை. சமன்பாடுகளில் அப்படியொரு மறைவு எங்கும் இல்லை, எல்லா விடைகளும் நிகழ்கின்றன, அளப்பவரும் அவற்றோடு கிளைத்துவிடுகின்றார், ஒவ்வொரு கிளையிலும் உள்ளவர் தம் விடையை மட்டுமே காண்கின்றார் என்பது அவர் வாதம்.

அக்காலத்தில் அக்கருத்துக்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. எவரெட் பல்கலைக்கழக வாழ்வை விட்டகன்று பாதுகாப்புத் துறை ஆய்வுகளுக்குச் சென்றுவிட்டார். 1970இல் பிரைஸ் டிவிற் என்ற இயற்பியலாளர் அதனைப் பரவலாக எடுத்துச் சொன்ன பின்னரே 'பல உலகங்கள்' என்ற பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று. எவரெட் 1982இல், 51 வயதில் காலமானார்.

இவ்விடத்தில் இரு விடயங்களை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, எவரெட்டின் கருத்து இன்றும் இயற்பியலாளரிடையே விவாதத்துக்குரியது. ஏனைய விளக்கங்களிலிருந்து அதனைப் பிரித்தறியும் பரிசோதனை எதுவும் இதுவரை செய்யப்படவில்லை. இரண்டு, அக்கருத்து உண்மையென்றே கொண்டாலும், ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் செல்லவோ செய்தி அனுப்பவோ நடைமுறையில் வழியில்லை. ஆகவே கதாநாயகன் கதவைத் திறந்து மறு உலகத்துக்குள் நுழைவது முற்றிலும் கதாசிரியரின் உரிமை. மனிதர் ஒவ்வொரு முறை முடிவெடுக்கும்போதும் உலகம் இரண்டாகப் பிளக்கின்றது என்பதும் எவரெட் சொன்னதல்ல. அவர் பேசியது துணிக்கைகளையும் அளவீடுகளையும் பற்றி. இதனை ஏற்றுக்கொண்ட பின்னரும் கதைகள் தம் பயனை இழந்துவிடுவதில்லை. ஏனெனில் அவற்றின் உண்மையான களம் இயற்பியல் அன்று, வரலாறு.

தெற்காசியாவின் இரு எடுத்துக்காட்டுகள்

இதற்கு நம் பிராந்தியத்திலேயே சிறந்த சான்றுகள் உண்டு. இந்திய வானியற்பியல் அறிஞர் ஜயந்த் நார்லிக்கர் 2025 மே 20ஆம் திகதி காலமானார். அவர் மராத்தியில் எழுதி, பின்னர் ஆங்கிலத்திலும் வந்த கதையொன்று இந்தியப் பாடசாலை மாணவர்களின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது. வரலாற்றுப் பேராசிரியர் கைத்தொண்டே, 1761 ஜனவரி 14ஆம் திகதி நடந்த மூன்றாம் பானிபட் போரில் மராத்தியர் தோற்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிந்தித்தவாறே வீதியில் விபத்துக்குள்ளாகின்றார். விழிப்பது மராத்தியர் வென்ற உலகில். அங்கே பம்பாய் மட்டும் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருக்கின்றது. வரலாறு எங்கே திரும்பியது என்று தேடி அவர் நூலகத்துக்குச் செல்கின்றார். விடை மிகச் சிறியது. நம் உலகில் இளவரசர் விஸ்வாஸ்ராவைக் கொன்ற குண்டு, அந்த உலகில் அவரது காதோரம் உரசிச் சென்றுவிட்டது. அவ்வளவுதான்.

கதையின் பின்பகுதி இன்னும் கவனத்துக்குரியது. மைதானமொன்றில் நடந்த கூட்டத்தின் மேடையில் தலைவரின் நாற்காலி வெறுமையாக இருப்பதைக் கண்டு, பேராசிரியர் நல்லெண்ணத்தோடு அதில் சென்று அமர்கின்றார். கூட்டம் கொந்தளிக்கின்றது. அவ்வுலகில் தலைமை உரைகளால் சலித்துப்போன மக்கள் நாற்காலியை வெறுமையாக விட்டே கூட்டம் நடத்துவது வழக்கம். அவர் மேடையிலிருந்து தூக்கி எறியப்படுகின்றார். தாம் விரும்பிய வரலாறு நிகழ்ந்த உலகத்தில் அவர் ஓர் அந்நியர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் நகரத்திலேயே எழுதப்பட்டது. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19ஆம் திகதி காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் குடியிருந்தவர். பொரளை பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1979ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவல், பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் ஒரு மின்தூக்கியைப் பற்றியது. அத்தகைய கோபுரம் பூமத்திய ரேகையில் அமைவதே உகந்தது. இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கின்றது. கிளார்க் என்ன செய்தார்? தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். புனித மலையின் உயரத்தை இரு மடங்காக்கினார். தீவுக்குத் தப்ரபேன் என்று பண்டைய கிரேக்கர் வழங்கிய பெயரைச் சூட்டினார். சிகிரியாவும் காசியப்பனும் வேறு பெயர்களில் அங்கே இருக்கின்றனர். எதை மாற்றினேன், எவ்வளவு மாற்றினேன் என்பதையும் அவர் வாசகருக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்.

அந்த வழி இன்றும் அற்றுப்போகவில்லை. கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர 2023இல் வெளியிட்ட ஆங்கில நாவல், கதவுகள் வேறோர் உலகின் வாயில்களாக மாறிவிடும் ஒரு நகரத்தைக் காட்டுகின்றது. வன்செயல்களும் முகாம்களும் நிறைந்த அந்நகரம் எந்த நாட்டை நினைவூட்டுகின்றது என்று இத்தீவின் வாசகருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நாவல் நெபியூலா விருதைப் பெற்றது. பிரித்தானியப் பேரரசு வீழாத ஓர் உலகில் இலங்கை காலனியாகவே நீடிப்பதாக யுதஞ்ஜய விஜேரத்ன ஒரு நாவல் எழுதியிருக்கின்றார்.

இவற்றிலிருந்து நாம் மூன்று ஒழுங்குகளைத் திரட்டிக்கொள்ளலாம். மாற்றியது எது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாற்றம் சிறியதாக, அன்று உண்மையிலேயே நடந்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மாறிய உலகம் சொர்க்கமாகிவிடும் என்று கற்பனை செய்யக் கூடாது. நம் சொந்த வரலாற்றைப் பற்றிக் கேட்கும்போதும் இவ்வொழுங்குகள் பொருந்தும்.

எளிதான ஒன்றிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தீவுக்கு வந்த நீராவிக் கப்பல்கள் தரித்த முக்கிய துறைமுகம் காலி. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கிழக்குக்கான கப்பல் போக்குவரத்துப் பெருகியது. காலியை விருத்தி செய்வதா, திறந்த கடலாகக் கிடந்த கொழும்புக்கு அலைதடுப்பு அணை கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. கோப்பித் தோட்டங்களுக்கான பாதைகள் ஏற்கனவே கொழும்பில் வந்து முடிந்தன. ஆளுநர் கிரெகரியின் ஆட்சிக் காலத்தில் தீர்ப்பு கொழும்பின் பக்கம் சாய்ந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் தென்மேற்கு அணை முடிவுற்றது. மறு தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தால், துறைமுகத் தொழிலை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் இத்தனை நெருக்கமாகக் குடியேறியிருப்பார்களா? இன்று நாம் நடக்கும் தெருக்கள் இப்படியே இருந்திருக்குமா? நாம் இயல்பு என்று எண்ணும் ஊர் ஒரு தீர்மானத்தின் விளைவு என்பதை இக்கேள்வி காட்டுகின்றது.

1957 ஜூலை

கடினமான கேள்விக்கு இப்போது வருவோம். ஹியூ எவரெட்டின் ஆய்வுக் கட்டுரை அமெரிக்க இயற்பியல் சஞ்சிகையொன்றில் அச்சேறியது 1957 ஜூலை மாதத்தில். அதே மாதம் 26ஆம் திகதி கொழும்பில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். இவ்விரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் நிகழாத கிளைகளைப் பற்றிச் சிந்திக்கும் எந்த இலங்கைத் தமிழரும் இத்தற்செயலைக் கண்டு ஒரு கணம் நின்றுவிடுவார்.

அவ்வொப்பந்தம் பிராந்திய சபைகளை வகுத்தது. விவசாயம், கல்வி, சுகாதாரம், காணி, குடியேற்றம் ஆகிய துறைகளில் அவற்றுக்கு அதிகாரம் வழங்க இசைந்தது. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாவதற்கும் இடமளித்தது. எட்டு மாதங்கள் கழிந்து, 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, ரொஸ்மீட் பிளேஸில் இருந்த பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குமார் நடத்திய எதிர்ப்புப் போராட்டத்தின் முடிவில் அது கைவிடப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது.

அந்த ஒப்பந்தம் நிலைத்திருந்தால்?

வரலாற்றாசிரியர் ஈ.எச். கார் இத்தகைய கேள்விகளை வீட்டு முற்றத்து விளையாட்டாகவே கருதினார். நடந்ததற்கான காரணத்தைத் தேடுவதே வரலாறு, நடவாததை எண்ணி ஏங்குவது வரலாறன்று என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கின்றது. 1957இன் ஒப்பந்தம் நிலைத்திருந்தால் பின்வந்த போர் மூண்டிருக்காது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பிராந்திய சபைகள் நிதியின்றி முடங்கியிருக்கலாம். வேறோர் அரசு அவற்றைக் கலைத்திருக்கலாம். விஸ்வாஸ்ராவின் காதை உரசிச் சென்ற குண்டு பம்பாயைக் கம்பனியிடமிருந்து மீட்டுத் தரவில்லை அல்லவா?

ஆனால், 1997இல் மாற்று வரலாற்றுக் கட்டுரைகளின் தொகுதியொன்றை வெளியிட்ட நீல் பெர்குசன் ஒரு பயனுள்ள வரம்பை முன்வைத்தார். அக்காலத்தில் வாழ்ந்தோரே சாத்தியமென்று கருதி, எழுத்திலும் பதிவு செய்த வழிகளை மட்டுமே ஆராய வேண்டும் என்பது அவ்வரம்பு. நம் விடயத்தில் அது முழுமையாகப் பொருந்துகின்றது. பிராந்திய சபை என்பது கவிஞரின் கனவன்று. நாட்டின் பிரதமர் தம் கையால் ஒப்பமிட்ட ஆவணம். இத்தீவின் இரு சமூகங்களும் மோதியே தீர வேண்டும் என்பது விதி என்று இரு பக்கத்திலும் சொல்லப்பட்டு வந்திருக்கின்றது. வேறு வழியும் மேசைமீது இருந்தது, மனிதர் சிலர் அதனை அறிந்தே விலக்கினர் என்பதை நினைவூட்டுவதே இக்கேள்வியின் பயன். விதியென்று சொன்னால் எவர்க்கும் பொறுப்பில்லை. வழி இருந்தது என்றால் பொறுப்பும் இருந்தது.

ஏட்டில் அல்லாத இணை வாழ்வு

இவை நாட்டின் கிளைகள். மனிதரின் கிளைகளைப் பார்ப்பதற்கு நாம் மலைநாட்டை நோக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று இரு அரசுகளும் உடன்பட்டன. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன.

இதனை வாசிக்கையில் இவை வெறும் எண்கள். லயத்து வாசலில் இவை விண்ணப்பப் படிவங்களாக வந்தன. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் இருந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு நாட்டையும் தம்பி மறு நாட்டையும் கேட்டனர். திருமணமான மகள் கணவன் வழியில் சென்றாள். மலையகத்திலிருந்து கோச்சியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் சென்றவர்களை மண்டபம் முகாம் வரவேற்றது. அவர்களுள் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர்.

எந்த விஞ்ஞானப் புனைகதை ஆசிரியரும் இதைவிடத் துல்லியமான இணை உலகத்தைப் படைத்ததில்லை. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே தொழில், ஒரே செடி, ஏறத்தாழ ஒரே குளிர். இங்கே ஹற்றனில் ஒருவர், அங்கே கோத்தகிரியில் மற்றவர். இங்குள்ளவரை இந்தியாக்காரர் என்றனர். அங்கு சென்றவரை சிலோன்காரர் என்றனர். இங்கு தங்கியவர்களின் வழித்தோன்றல்களுள் நாடற்றவராக எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எவர் சென்ற வழி நல்ல வழி? இரு சாராரிடமும் கேட்டால், மற்றவர் வழியைச் சற்று ஏக்கத்தோடுதான் சொல்வார்கள்.

1983 ஜூலைக்குப் பின்னர் கொழும்பும் இக்கணக்கிலே சேர்ந்துகொண்டது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகத் தங்கியோருள் ஒரு பகுதியினர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் கடல் கடந்தனர். ஒரு பகுதியினர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் திரும்பி வந்து, கரிபடிந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசிக் குடியிருந்தனர். ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவுக்கும் இடையில் ஞாயிறு தோறும் நடக்கும் தொலைபேசி உரையாடலில், ஒவ்வொருவரும் தாம் வாழாத வாழ்வைத்தான் விசாரித்துக்கொள்கின்றனர். "நீங்கள் அப்பவே வெளிக்கிட்டிருக்கலாம் அக்கா" என்கிறாள் தங்கை. "நீ அம்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம்" என்று அக்கா சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதும் அந்த அழைப்பில் இருக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'இருந்திருந்தால்' என்ற சொல்லுக்கு மயக்கும் ஆற்றல் உண்டு. வாழாத வாழ்வில் நோயில்லை, கடனில்லை, பிள்ளைகளோடு பிணக்கில்லை. உள்ள வாழ்வு அதற்கு எந்நாளும் ஈடாகாது. அரசியலிலும் அவ்வாறே. 'எங்கள் ஆள் அன்று இருந்திருந்தால்' என்ற ஒற்றை வரியில் நாற்பது ஆண்டுத் தவறுகளை மறைத்துவிட முடிகின்றது. தமிழர் தரப்பும் இதற்கு விலக்கன்று. மற்றவர் கைவிட்ட சந்தர்ப்பங்களை மட்டும் எண்ணி, நாம் கைவிட்டவற்றை எண்ணாமல் விடுவது மாற்று வரலாறு ஆகாது. அது வெறும் ஆறுதல். நார்லிக்கரின் பேராசிரியர் விரும்பிய உலகத்துக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு நாற்காலி இல்லை.

ஆகவே இவ்வகைக் கதைகளை நம் எழுத்தாளர்கள் எழுத வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். தமிழ் விஞ்ஞானப் புனைகதை எதிர்கால இயந்திரங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றது. தான் கடந்துவந்த சந்திகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. 1957இல் கிழிபடாத ஓர் ஒப்பந்தத்தையும், 1964இல் பிரிக்கப்படாத ஒரு லயத்தையும் கிளார்க்கின் நேர்மையோடு, நார்லிக்கரின் நிதானத்தோடு எழுதிப்பார்க்கலாம். அதற்கு வேண்டிய மூலப்பொருள் இன்னும் நம்மிடையே இருக்கின்றது. எந்தப் படிவத்தில் ஏன் கையெழுத்திட்டோம் என்று சொல்லக் கூடிய முதியவர்கள் மலையகத்திலும் நீலகிரியிலும், கப்பலேறிய நாளை நினைவிற் கொண்டுள்ளவர்கள் இந்நகரத்திலும் இருக்கின்றனர். அவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அவர்கள் தெரிவு செய்யாத வழியின் நினைவும் போய்விடும். பாடசாலை மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்டு எழுதி வைத்தாலே பெரும் ஆவணமாகும்: "அன்றைக்கு வேறு என்ன செய்ய யோசித்தீர்கள்?"

இன்னொன்றும் உண்டு. 1957இல் அந்த ஒப்பந்தத்தைப் பத்திரிகையில் வாசித்தவர்களுக்குத் தாம் ஒரு சந்தியில் நிற்கின்றோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அன்றும் மீன் விலையும் பிள்ளைகளின் பரீட்சையும்தான் வீடுகளில் பேச்சாக இருந்திருக்கும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் உருவான மாகாண சபைகளின் பதவிக்காலங்கள் 2019 அளவில் ஒவ்வொன்றாக முடிவுற்ற பின்னர், தேர்தலின்றி ஆண்டுகள் பல கடந்து சென்றபோதும் நாம் அவ்வாறே இருந்தோம். தள்ளிப்போடப்படும் ஒவ்வொரு தீர்மானமும் ஒரு தீர்மானமே. ஐம்பது ஆண்டுகளின் பின் முகத்துவாரக் கரையில் அமரும் நம் பேரப்பிள்ளைகள் 'அன்றைக்கே கேட்டிருந்தால்' என்று தொடங்கும்போது, அவர்கள் குறிப்பிடும் 'அன்றைக்கு' நாம் இன்று வாழும் இந்த நாட்களில் ஒன்றாக இருக்கக் கூடும்.